வெள்ளிக்கிழமை விலை

நான் கம்ப்யூட்டர் வாங்கிய கதையை என் அக்காவிடம் கேட்டால், "தம்பிக்கு ஒரு பொட்டி கெடைச்சுது, எனக்கு டிவி போச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். அதில் பொய் எதுவும் இல்லை. எண்பதுகளின் நடுவில் பட்டர்வொர்த்தில் யாரோ வேண்டாமென்று விற்ற பழைய கணினி அது. மோட்டார் சைக்கிளின் பின்னால் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி, வழியெல்லாம் ஒரு கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கொண்டு வந்தேன். விசைப்பலகை மட்டும்தான் கணினி. பார்ப்பதற்குத் தொலைக்காட்சி வேண்டும், எழுதியதைச் சேமிப்பதற்கு டேப் ரிக்கார்டர் வேண்டும். கரங்கானில் நான் வாடகைக்கு இருந்த அறையில் இரண்டும் கிடையாது. பாடாங் மேஹாவில் அக்கா வீட்டில் இரண்டும் இருந்தன.

எனக்குப் பாடாங் செராயில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. மலேசியாவின் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. காலையில் குளித்ததும் குளிக்காததுமாக அக்கா வீட்டுக்கு ஓடிவிடுவேன். அத்தான் லோரி ஓட்டுகிறவர், பாதி மாதம் வெளியூரில்தான் இருப்பார். அக்கா விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று ஏக்கர் ரப்பர்ப் பால்மரங்களைச் சீவி, பாலை உறைய வைத்து, ஷீட்டாக அழுத்தி, பக்கத்துப் புகை வீட்டில் உலர்த்தி எடுத்து அடுக்கி வைப்பாள். மதியத்துக்கு மேல் சுற்றியிருந்த தோட்டத்துப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைப்பாள். கால்மிதி மிஷின் ஒரு மூலையில் தடதடக்க, எதிர்மூலையில் நான் விசைகளைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் அக்கா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பாடாங் செராயில் துணிக்கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே, தன் கடையின் முன்பாதியில் ஒரு தையல்காரருக்கு இடம் விடுவதாகச் சொல்லியிருந்தார். தீபாவளிக்கு முன்னால் அங்கே உட்கார்ந்துவிட்டால் போதும், ஒரு வருஷத் தையல் அந்த ஒரே மாதத்தில் வந்துவிடும். தவுக்கே மாதக் கடைசி வரைதான் காத்திருப்பார். முன்பணம் கட்ட அக்காவிடம் இருந்தது, கொட்டகையில் அடுக்கி வைத்திருந்த ரப்பர் ஷீட்டுகள் மட்டும்தான். விலை விழுந்து கிடந்ததால் நான்கு மாதமாக அவள் விற்கவில்லை. இனியும் வைத்திருந்தால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். இன்று விற்பதா, இன்னும் பத்து நாள் பொறுப்பதா? அக்காவின் கடை அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான்தான் வாயைக் கொடுத்தேன். "அக்கா, நீ கவலைப்படாத. எப்ப விக்கலாம்னு இந்தப் பொட்டி சொல்லும்."

"வெளாட்டு காட்டாத தம்பி. பொட்டிக்கு ரப்பரு தெரியுமா?"

"விலை தெரியும்லாக்கா. அது போதும்."

பினாங்கில் பழைய புத்தகக் கடையொன்றில் கிடைத்த பத்திரிகையில் சராசரி பற்றி இரண்டு பக்கம் இருந்தது. கடைசிப் பத்து நாள் விலைகளைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் ஒரு சராசரி. நாளைக்குப் புது விலை வந்ததும் மிகப் பழையதை விட்டுவிட்டு மறுபடி கூட்ட வேண்டும். இப்படி நாளுக்கு நாள் நகரும் சராசரிக்கு மேலே இன்றைய விலை இருந்தால் சந்தை ஏறுகிறது, பொறுக்கலாம். கீழே போய்விட்டால் விற்றுவிடலாம். இவ்வளவுதான் விஷயம். என் அலுவலகத்துக்கு எதிரே சிறுதோட்டக்காரர்களுக்கான அலுவலகம் ஒன்று இருந்தது. அதன் வாசலில் ஒரு கரும்பலகையில் அன்றன்றைய விலையைச் சுண்ணக்கட்டியால் எழுதிப் போடுவார்கள். அக்கா விற்பதை நிறுத்திய நாளிலிருந்தே தினமும் காலையில் நான் அதைப் பார்த்து ஒரு சின்ன நோட்டில் குறித்து வந்திருந்தேன்.

இதை நிரலாக எழுதி முடித்து ஓடவிட்டதும் எரிச்சல்தான் வந்தது. பத்து நாள் சராசரி எப்போதும் தாமதமாக விழித்தது. விலை ஏறி முடிந்து இறங்கத் தொடங்கிய பிறகுதான் ஏறுகிறது என்று சொன்னது. சரி என்று ஐந்து நாளாகக் குறைத்தேன். உடனே அது துள்ளத் தொடங்கியது. இன்று விற்கச் சொல்லும், நாளை வேண்டாம் என்னும், மறுநாள் மறுபடி விற்கச் சொல்லும். இருபத்தைந்து நாளாக்கினேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்துவிட்டது. எந்த எண்ணைப் போட்டாலும் ஒரு குறை. கோபத்தில் ஒருநாள் விசைப்பலகையை மூடி வைத்துவிட்டு அக்காவின் பொரித்த மீனை மட்டும் தின்றுவிட்டுத் திரும்பினேன்.

பதில் எனக்கு ரோட்டில் கிடைத்தது. கரங்கானிலிருந்து வேலைக்குப் போகும்போது தோட்டத்துக்கு உள்ளே ஒரு குறுக்குப் பாதை உண்டு. செம்மண்ணும் லோரிச் சக்கரம் பறித்த குழிகளுமாக இருக்கும். அங்கே முன்சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் கண் இருக்க வேண்டும், ஓரடி தள்ளிப் பார்த்தால்கூடப் பல் போய்விடும். தார் ரோட்டில் ஏறியதும் கண் தானாகத் தூரத்துக்குப் போய்விடும். அன்று காலை செம்மண்ணிலிருந்து தாரில் ஏறிய அந்தக் கணத்தில் எனக்குப் பொறி தட்டியது. நாள் கணக்கு ஏன் ஒரே எண்ணாக இருக்க வேண்டும்? சந்தை குலுக்கும்போது குறைந்த நாள்களைப் பார்க்கட்டும், தூங்கும்போது நிறைய நாள்களைப் பார்க்கட்டும். அந்த எண்ணை நான் கொடுக்க வேண்டாம், நிரலே தினமும் கண்டுபிடிக்கட்டும்!

வண்டியை ஒரு பஸ் நிறுத்தத்தில் சாய்த்துவிட்டு உள்ளங்கையில் பேனாவால் எழுதினேன். பிறகு முழங்கை வரைக்கும் எழுதினேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு சீனப் பாட்டி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். அன்று அலுவலகத்தில் முழுக்கைச் சட்டையை மடிக்காமல், எழுத்து அழியாமல் காப்பாற்றியதுதான் நான் செய்த ஒரே வேலை.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா வீட்டில் நான் தரையில் இல்லை. நிரலிடம் நான் சொன்னது இவ்வளவுதான். சமீபத்திய சில நாள்களில் விலை எவ்வளவு அசைந்தது என்று முதலில் பார். நிறைய அசைந்திருந்தால் நாள் கணக்கைக் குறை, நான்குக்குக் கீழே போகாதே. அசையாவிட்டால் கூட்டு, இருபத்தைந்தைத் தாண்டாதே. அப்படிக் கிடைத்த நாள் கணக்குக்கு மட்டும் சராசரி போடு. முதல்முறை ஓடியதும் நிரல் பிழை என்று நின்றது. இருபது நாள் பார்க்கச் சொல்லியிருந்தேன், வரிசையின் தொடக்கத்தில் அதற்குப் பின்னால் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அதைச் சரிசெய்தேன். அடுத்து, நாள் கணக்கு ஏழு புள்ளி மூன்று என்று வந்தது. ஏழே கால் நாளை எப்படிக் கூட்டுவது என்று நான் தலையைச் சொறிந்தபோது, "அரை இஞ்சு இருக்குறப்ப கால் நாள் இருக்கக் கூடாதா?" என்றாள் அக்கா. நான் தசமத்தை வெட்டிவிட்டேன். மூன்றாவது முறை அது ஓடியது. திரையில் தேதி, விலை, நாள் கணக்கு, சராசரி என்று வரிசை வரிசையாக இறங்கி, கடைசியில் ஒரே ஒரு சொல் நின்றது. கணினியில் தமிழ் எழுத்து கிடையாது. அக்காவுக்கு ஆங்கிலம் வராது. அதனால் மலாயில் எழுதியிருந்தேன். பொறுக்கலாம் என்றால் சிம்பான், விற்கலாம் என்றால் ஜுவால்.

திரையில் ஜுவால் என்று வந்தது.

"விக்கச் சொல்லுது!" என்று நான் கத்தினேன். சந்தோஷத்தில் எழுந்தவன் மின்கம்பியில் கால் தடுக்கி, கணினி அணைந்து, எல்லாம் போய்விட்டது. பக்திப் பாடல் நாடாவின் மறுபக்கத்தில் சேமித்து வைத்திருந்ததை மறுபடி ஏற்றினோம். அவசரத்தில் நாடாவை மாற்றிப் போட்டதால் கணினிக்கு ஐந்து நிமிஷம் முருகன் பாட்டு போனது. அது அதையும் பிழை என்றுதான் சொன்னது.

மறுபடி ஜுவால் வந்ததும், நாளைக்கே கொட்டகையைக் காலி செய்ய லோரி சொல்லிவிடுகிறேன் என்று நான் செருப்பை மாட்டினேன். அக்கா வரவில்லை. வாயில் இரண்டு குண்டூசியைக் கடித்துக்கொண்டு, திரைக்கு முன்னால் குனிந்து நின்று, நாள் கணக்கு வரிசையை விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, இந்த நம்பரு ஏன் இப்படி இருக்கு?"

"எது?"

"பெருசாவுது, சின்னதாவுது. திரும்பப் பெருசாவுது, சின்னதாவுது. லேஸு தைச்ச மாதிரி ஒரே அளவுல வருது பாரு. ரப்பரு வெலை இப்படியா ஆடும்?"

பார்த்தேன். வாரம் தவறாமல் சனி, ஞாயிறில் நாள் கணக்கு வீங்கியது. திங்களுக்குப் பிறகு சுருங்கியது. நான்கு மாதமும் அப்படியே. விலை வரிசையைப் பார்த்தேன். சனிக்கிழமை விலையும் ஞாயிற்றுக்கிழமை விலையும் வியாழக்கிழமை விலையேதான். திங்களன்று ஒரு குதி.

"கோலாலம்பூருகாரனுக்கு லீவு என்னைக்கு?" என்று அக்கா கேட்டாள்.

நான் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் புகை வீடு வரைக்கும் கேட்டிருக்கும். விலை போடும் சந்தை கோலாலம்பூரில் இருந்தது. அவர்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளிக்கிழமை வேலை நாள். எனக்கும் கரும்பலகைக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. சனியும் ஞாயிறும் அந்த அலுவலகம் திறந்திருக்கும், புது விலை வராது, பலகையில் வியாழக்கிழமைச் சுண்ணாம்பே அழியாமல் நிற்கும். அதை நான் புது விலை என்று குறித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை என்று ஒரு விலை இருப்பதே என் மண்டையில் ஏறவில்லை. கெடாவில் பிறந்து வளர்ந்தவனுக்கு வெள்ளி என்றால் உலகமே லீவு. பாவம், என் நிரல் ஒவ்வொரு வாரமும் இல்லாத இரண்டு நாளைப் பார்த்துச் சந்தை தூங்குகிறது என்று நினைத்திருக்கிறது.

வெட்கம் ஒரு நொடிதான். அடுத்த நொடி அக்காவைத் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். "தப்பு நிரல்ல இல்லக்கா! நான் குடுத்ததுலதான் தப்பு!" சனி, ஞாயிறை அழிப்பது சுலபம். பதினாறு வெள்ளிக்கிழமை விலைக்கு எங்கே போவது?

"வெள்ளிக்கெழம வெலை சனிக்கெழம பேப்பர்ல வரும்ல?" என்றாள் அக்கா.

"வரும். நாலு மாசத்துப் பேப்பர யாரு வச்சிருப்பா?"

அக்கா சுவரைப் பார்த்தாள். ஆணி ஆணியாக ரவிக்கை அளவுகள் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் பழைய தமிழ்ப் பேப்பரில் வெட்டியவை.

அடுத்த இரண்டு மணி நேரத்தைப் போல ஒரு மதியத்தை நான் அதற்குப் பிறகு அனுபவித்ததில்லை. தரையெல்லாம் கையும் கழுத்தும் முதுகுமாகப் பரப்பினோம். ரப்பர் விலையும் ஈய விலையும் உள்பக்கத்தில் ஒரு மூலைக் கட்டத்தில் வரும். அந்த மூலை யாருடைய ரவிக்கையில் போயிருக்கிறது என்பதுதான் கேள்வி. தபால்காரர் மனைவியின் இடது கையில் ஒரு வெள்ளி கிடைத்தது. கோயில் பூசாரி மகளின் முதுகில் இன்னொன்று. மாதா கோயிலில் பாடும் டீச்சரின் அளவு பெரியது, அதில் மட்டும் இரண்டு. ஒவ்வொன்று கிடைக்கும்போதும் நான் கூவினேன். "ஆளுங்க மானத்தக் கூவி விக்காதடா" என்று அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினைந்து கிடைத்துவிட்டன.

பதினாறாவதுதான் கடைசி வெள்ளி, போன வாரத்தது. அதுதான் மிக முக்கியம். அதுவும் கிடைத்தது, புதிதாக வெட்டிய ஒரு முன்பக்கத்தில். கை வைக்கும் வளைவில் கத்தரிக்கோல் கடைசி இலக்கத்தைச் சரி பாதியாக வெட்டிவிட்டுப் போயிருந்தது. மேல்பாதி இல்லை. கீழே ஒரு காம்பு மட்டும். அது ஒன்றாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம்.

ஏழு போட்டேன். சிம்பான். ஒன்று போட்டேன். ஜுவால்.

மறுபடி ஏழு, சிம்பான். மறுபடி ஒன்று, ஜுவால். ஏழு என்றால் அன்று சந்தை நன்றாகக் குலுங்கியிருக்கிறது, நாள் கணக்கு சுருங்குகிறது, இந்த வாரத்து ஏற்றம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. ஒன்று என்றால் சந்தை தூங்கியிருக்கிறது, நாள் கணக்கு நீண்டு பழைய உயர்ந்த விலைகளையெல்லாம் இழுத்துக்கொண்டு வருகிறது. "ஏழுதான்!" என்றேன். "காம்பு சாஞ்சிருக்கு பாரு. ஏழேதான். பொறுக்கலாம், எல்லாத்தையும் வச்சிக்கலாம்!" அது ஏழாக இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. தார் ரோட்டில் கிடைத்த என் யோசனை ஏறும் சந்தையைக் கண்டுபிடித்தது என்று இருக்க வேண்டும்.

அக்கா கீழே குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "பாதி வித்துடலாம் தம்பி. பாதி இருக்கட்டும்" என்றாள்.

"பொட்டி அப்படிச் சொல்லலியே!"

"பொட்டி சொல்லாட்டிப் பரவால்ல. நான் சொல்றேன்லா."

கோபம்தான் வந்தது. ஒன்று முழுதாக நம்பு, இல்லை நம்பாதே, இது என்ன ரெண்டுங்கெட்டான் முடிவு என்று முணுமுணுத்துக்கொண்டே மறுநாள் லோரியில் பாதியை ஏற்றினேன். விற்று வந்ததைத் தவுக்கேயிடம் கட்டினோம். கடையின் முன்பாதி அக்காவுடையதாயிற்று. அன்று அவள் அந்தக் காலி இடத்தில் நின்று சுவரை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள். நான் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. என் நினைப்பெல்லாம் அலுவலகத்துக்கு எதிரே இருந்த கரும்பலகையில் இருந்தது.

விலை ஏறியது! திங்கள் ஏறியது, செவ்வாய் ஏறியது. வெள்ளிக்கிழமை விலைக்காகச் சனியன்று காலையிலேயே பேப்பர் கடையில் நின்றேன், அதுவும் ஏறியிருந்தது. என் நாள் கணக்கு ஐந்து, நான்கு, நான்கு என்று சுருங்கிச் சந்தையின் பின்னாலேயே ஓடியது. இரண்டு வாரம் கழித்து ஜுவால் என்றது. விலை உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கி இரண்டே நாள் ஆகியிருந்தது. மீதிப் பாதியை விற்று அக்கா கரண்டில் ஓடும் மோட்டார் மிஷின் வாங்கினாள். எல்லாவற்றையும் வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று நான் ஒரு வாரம் சொல்லிக் காட்டினேன். அக்கா தைத்துக்கொண்டே "ம்" கொட்டினாள்.

தீபாவளிக்குச் சில நாள் இருக்கும்போது என் சட்டையில் ஒரு பொத்தான் போய்விட்டது. கடையில் துணிகளுக்கு நடுவே மூழ்கியிருந்த அக்கா, நீயே எடுத்துக்கொள் என்று பொத்தான் டின்னைக் காட்டினாள். பொத்தான்களுக்கு அடியில், நகத்தளவு ஒரு பேப்பர் துணுக்கு இருந்தது. வளைவாக வெட்டுப்பட்ட ஓரம். ஓர் இலக்கத்தின் மேல்பாதி. நேராக, கூரையில்லாமல் நின்றது. ஒன்று.

எனக்குக் காது சூடாகிவிட்டது. "இது எப்ப கெடைச்சுது?"

"அன்னைக்கேதான். நீ ரெண்டாந்தரம் ஏழு போட்டுக் குதிச்சப்ப என் காலுகிட்ட கெடந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல? ஒண்ணுன்னா எல்லாத்தையும் விக்கச் சொல்லியிருக்கும்!"

"அதான் சொல்லல." அக்கா மிஷினை நிறுத்தினாள். "ஒண்ணுன்னா மொத்தமா விக்கச் சொல்லும், ஏழுன்னா மொத்தமா வச்சிக்கச் சொல்லும். ஒரு நம்பருக்குப் புத்தி மாறுது. அத நம்பி என் கடைய எப்படித் தம்பி உடுறது? கடைக்கு வேணுங்கறத வித்துட்டேன். மிச்சத்த உன் பொட்டிக்கு விட்டேன். நீ அன்னைக்கு அவ்ளோ சந்தோசமா இருந்த."

உண்மையான விலையைப் போட்டிருந்தால் என் நிரல் எல்லாவற்றையும் விற்கச் சொல்லியிருக்கும், இந்த மோட்டார் மிஷின் வந்திருக்காது. நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட வெற்றி ஒரு தப்பான இலக்கத்தில் நின்றது. அதை ஒரு மாதமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு அவள் "ம்" கொட்டியிருக்கிறாள். அழுகை வந்தது, அதைவிட அதிகமாகச் சிரிப்பு வந்தது. அதற்குள் அடுத்த எண்ணம் வந்து இரண்டையும் தள்ளிவிட்டது. விலை சராசரிக்கு மிக அருகில் நிற்கும்போது நிரலிடம் இரண்டே பதில்கள் ஏன் இருக்க வேண்டும்?

அடுத்த வெள்ளிக்கிழமை அக்காவின் டிவியை மறுபடி பிடுங்கிக்கொண்டேன். சராசரிக்கு மேலும் கீழும் ஒரு சின்ன இடைவெளி விட்டு, விலை அதற்குள் இருந்தால் காட்ட மூன்றாவது சொல் ஒன்றைச் சேர்த்தேன். பழைய விலைகளை ஏற்றி, போன மாதத்து அந்த வெள்ளியில் ஒன்று என்று சரியாகப் போட்டு, நாங்கள் ரவிக்கை அளவுகளைப் பரப்பிய மதியம் வரை மட்டும் ஓடவிட்டேன். அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து திரைக்கு முன் நிறுத்தினேன்.

செத்தெங்கா என்று நின்றது. பாதி.

பிறகு வேண்டுமென்றே ஏழு போட்டு ஓடவிட்டேன். அதற்கும் செத்தெங்காதான்.

அக்கா அந்தச் சொல்லை ஓர் எழுத்து விடாமல் வாய்க்குள் படித்தாள். வாயிலிருந்த குண்டூசியை எடுத்து என் சட்டை ஓரத்தில் குத்திவிட்டு, "இப்பதான் அதுக்குக் கொஞ்சம் ரப்பரு தெரியுது" என்று சொல்லி அடுப்பைப் பார்க்கப் போனாள்.